வெட்டவா, ஒட்டவா

1.

இந்தக் கதை எனக்குக் குளிரில் வந்தது. மனக்கொந்தளிப்பு, பால்ய நினைவு, ஏதோ ஒரு முகம் என்று கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்லத்தான் ஆசை. நடந்தது வேறு. அக்டோபர் மாதத்தில் ஒரு காலை, ஒரு பத்திரிகைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த 'நம் காலத்தின் தனிமை' பற்றிய கதையை எழுதிக்கொண்டிருந்தேன். தனிமை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பத்தியில் விரல் மரத்துப்போனது. பக்கத்தில் இருந்த, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டுக் கிடந்தது.

எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பழைய விறகு உலை இருக்கிறது. இரும்புத் தகட்டை ஒட்டிச் செய்தது. அதன் வயிற்றில் நெருப்பு எரியும். வயிற்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் சூடாகிக் குழாய்களில் ஏறி எல்லாத் தளங்களுக்கும் போகும். கீழ்த்தளத்தில் மிலிவோய் இருக்கிறார், அதற்கு மேலே நெவெங்கா. கூரைக்கு அடியில் உள்ள அறையில் வாடகைக்கு நான்.

மிலிவோயும் நெவெங்காவும் பல வருஷம் கணவன் மனைவியாக இருந்து, பிறகு நீதிமன்றத்தில் முறைப்படி பிரிந்தவர்கள். ஊரில் விவாகரத்து செய்த மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இவர்கள் ஆளுக்கொரு தளத்துக்குப் போனார்கள். காரை அவர் எடுத்துக்கொண்டார், கொல்லையில் இருந்த பிளம் மரங்களை நெவெங்கா எடுத்துக்கொண்டார். நாற்காலிகளில் பாதி மேலே ஏறின, பாதி கீழே நின்றன. உலையை மட்டும் பிரிக்க முடியவில்லை. நீதிபதி அதைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.

(தெரிகிறது, நீங்கள் இந்நேரம் புன்னகை செய்திருப்பீர்கள். 'ஓகோ, உலை என்பது திருமணம்' என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளவும் செய்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது உலை. ஒரு காளை மாட்டின் எடை இருக்கும். அதைப் படிமமாக்கி நான் தூக்கப் போவதில்லை, என் இடுப்பு தாங்காது.)

2.

தனிமையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உலையைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். தொடக்கங்கள் இப்படி வந்தன.

"பனி பெய்துகொண்டிருந்தது. வெண்மை எல்லாவற்றையும் மன்னித்து—" (பெய்யவில்லை. ஒரு வாரமாக மழைதான். எங்கள் மலையில் மழை எதையும் மன்னிப்பதில்லை, சட்டையில் சேறு அடிக்கும்.)

"மிலிவோய் உலையின் கதவைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த அவர் இதயத்தின்—" (இதை அடித்துவிட்டேன். ஆனால் கிழித்துப் போடவில்லை. நான் எதுவரைக்கும் போகக்கூடிய ஆள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

"உலை ஒழுகியது."

இது போதும் என்று தோன்றியது. உலை ஒழுகியது. காலையில் விறகு போடப் போன மிலிவோய், சாம்பல் கஞ்சி மாதிரிக் குழைந்து கிடப்பதைப் பார்த்தார். புதிதாக மூட்டிய நெருப்பு புஸ் என்று சீறி அணைந்தது. உள்தகட்டில் எங்கோ விரிசல். அவர் மேலே யாரிடமும் சொல்லவில்லை. விறகுக் கொட்டகையைப் பூட்டிவிட்டு வின்கோவைக் கூப்பிடப் போனார். அவர் சொல்லாவிட்டால் என்ன, எல்லா ரேடியேட்டரும் சேர்ந்து சொல்லிவிட்டன. அவர் திரும்பி வருவதற்குள் நெவெங்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

3.

வின்கோ யார் என்று சொல்லிவிடுகிறேன். கீழே கடற்கரையில், ரியேக்கா துறைமுகத்தின் கப்பல் பட்டறையில் பல வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவர். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. விவாகரத்து நாளன்று இருவரையும் ஒரே காரில் நீதிமன்றத்துக்கு ஓட்டிப் போனவரும் அவரே. வழியில் யாரும் பேசாததால் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு மனிதனால் எவ்வளவு காலம் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் ஊரில் அவர்தான் உதாரணம்.

வின்கோ உலைக்குள் தலையை விட்டு, விளக்கைக் காட்டி, தட்டிப் பார்த்து, கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தார். தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். விரிசலை ஒட்டலாம். ஒட்டினால் பத்து வருஷமும் ஓடலாம், கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட ஓடாமல் போகலாம், தகடு மெலிந்திருக்கிறது. அல்லது புதியது வைக்கலாம். புதியது வைக்க இதை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் இந்த வீட்டைக் கட்டும்போது உலையை முதலில் இறக்கிவிட்டு அதன் தலைக்கு மேல்தான் தரையைப் போட்டார்கள். ஆகவே முழுசாக வெளியே வராது. துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எது நல்லது என்று மிலிவோய் கேட்டார்.

"ரெண்டுமே நல்லதுதான்" என்றார் வின்கோ.

நெவெங்கா அந்த இடத்திலேயே கட்சியை அறிவித்துவிட்டார். புதியதுதான். இப்போது மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளில் எரிகிற உலை வருகிறது. மூட்டையை அதன் தொட்டியில் கொட்டினால் போதும், தானே தீனி எடுத்துக்கொள்ளும், தானே பற்றிக்கொள்ளும், போனில் விரல் வைத்தால் அணையும். ஊரெல்லாம் மாற்றிவிட்டது, நாம்தான் கற்காலத்தில் இருக்கிறோம் என்றார். மிலிவோய் ஒட்டுவதுதான் சரி என்றார். நல்ல இரும்பு, இந்தக் காலத்துத் தகரத்தோடு இதைச் சேர்த்துப் பேசாதே என்றார். இதை அவர்கள் நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளவில்லை. இருவரும் வின்கோவைப் பார்த்தே சொன்னார்கள். அவர் தலையைத் திருப்பித் திருப்பி ஆட்டிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகள் மார்த்தா, அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். புது உலை வைத்தால் அங்கிருந்தே தன் போனில் இங்கே பற்றவைக்க முடியும் என்று அப்பாவிடம் விளக்கினாள். மிலிவோய் போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னது எனக்கு மாடிப்படிவரை கேட்டது.

"அயர்லாந்துல உக்காந்துக்கிட்டு எங்க வீட்டுக்கு நெருப்பு வைக்கப் போறியாம்மா?"

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொட்டிக் கடையில் ஒட்டும் கட்சி, தபால் நிலையத்தில் மாற்றும் கட்சி. பாதிரியார் இரண்டிலும் நன்மை உண்டு என்றார், ஆனால் பழைய உலையை வெட்டினால் இரும்பைத் தேவாலயத்து வேலிக்குத் தர முடியுமா என்று விசாரித்தார். பல் மருத்துவர் என் வாயில் கருவியை வைத்துக்கொண்டே, பிடுங்குவதா அடைப்பதா என்ற கேள்வி எங்கும் ஒன்றுதான் என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

4.

இந்த இடத்தில் எனக்கு மிலிவோய் என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரரை வாசகர் நம்புவார்களா? கொஞ்சம் இளக்கிப் பார்க்கலாம், ஒரு நாய் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரே மூச்சு வாங்கப் படியேறி என் அறைக்கு வந்தார். நான் இந்த வீட்டில் குடியிருக்கும் காலத்தில் அவர் மேலே வந்தது அதுவே முதல் தடவை. நெவெங்காவின் தளத்தைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, நீ எங்களப் பத்தி எழுதுறியாமே."

உலையைப் பற்றி என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

(பாத்திரமே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது. உங்கள் ஓரக் குறிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.)

கட்டிலில் மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சொல்ல வந்ததை உடனே சொல்லவில்லை. கூரை ஜன்னலைப் பாராட்டினார், ஒழுகுகிறதா என்று கேட்டார். பிறகுதான் வந்தது.

"இடுப்பு போயிருச்சு தம்பி. கொட்டகையிலேருந்து ஒரு கூடை விறகு தூக்கிட்டு வந்தா, அன்னிக்கு முழுக்க நிமிர முடியல. அந்த மூட்டை மெஷினே வந்துட்டுப் போகட்டும்."

அப்படியானால் நெவெங்காவிடமே சொல்லிவிடலாமே என்றேன்.

"நானா? பிரிஞ்ச நாளுலேருந்து மேல்மாடிக்காரி சொன்ன ஒண்ணுக்கும் நான் சரின்னதில்ல. திடீர்னு சரின்னா, ஆளுக்கு ஏதோ வியாதின்னு நெனைப்பா. டாக்டர்கிட்டப் போன்னு ஆரம்பிப்பா." என் மேஜையில் இருந்த தாள்களை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். "கதையில இப்படி வச்சுக்க. அவன் கடைசிவரைக்கும் ஒட்டணும்னுதான் நின்னான். அவதான் விடல. வேற வழியில்லாம ஒத்துக்கிட்டான், பாவம். அந்தப் 'பாவம்'கிறத விட்டுறாதே."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

5.

அடுத்த நாள் நெவெங்கா வந்தார். ஆப்பிள் வைத்துச் சுட்ட மாவுச் சுருள் ஒரு தட்டு நிறைய. வாடகைக்காரனுக்கு இங்கே யாரும் காரணமில்லாமல் ஆப்பிள் சுருள் கொண்டுவருவதில்லை.

"அந்த ஆளு இங்க வந்தாரா?"

குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார் என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இந்த மாதிரி வாக்கியங்களால்தான் என் பிழைப்பு நடக்கிறது.

"எனக்கு அந்த மெஷின் வேணாம் தம்பி."

நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன்.

"நான் கேட்டா மறுப்பார்னு தெரியும். அதான் கேட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு ஒரு சுருளை எடுத்துத் தானே தின்ன ஆரம்பித்தார். ஒரு சாதாரண மனுஷி, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடுவார் என்று நான் எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பகத்தன்மை இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

"காலையில அந்த இரும்புக் கதவைப் படார்னு சாத்துவாரு பாரு. கட்டில்ல படுத்திருக்கிற எனக்குக் கேக்கும். சரி, ஆளு இருக்காருன்னு திரும்பிப் படுத்துக்குவேன். மெஷினு சத்தமே போடாதாம். ஒரு நாள் அவரு எழுந்திரிக்கலேன்னா எனக்கு யாரு சொல்லுவா? மார்த்தா அயர்லாந்துலேருந்து போன் பண்ணிச் சொல்லுவாளா?"

என் கை பேனாவைத் தேடியது.

"இதை எழுதிடாத" என்றார். "அவ புதுசுக்காகப் போராடினா. அவன் கல்லு மாதிரி நின்னான். கடைசியில அவதான் பெருந்தன்மையா விட்டுக்கொடுத்தான்னு எழுது."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். (சொன்னேன்தான். ஆனால் நல்ல வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற எழுத்தாளனை நான் இதுவரை பார்த்ததில்லை.)

6.

(இந்தப் பகுதியில் உலை விற்கிறவர் ஒருவர் வந்தார். பளபளப்பான காலணி, பசுமை, எதிர்காலம், இரண்டு வகைப் புன்னகை. நன்றாகவே வந்திருந்தது. கதைக்குத் தேவைப்படவில்லை. அவருடைய ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறேன்: "அம்மா, இது உங்களைப் பற்றி யோசிக்கிற உலை." நெவெங்கா அதற்கு, அப்படி ஒரு ஆளோடு குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.)

7.

நிலைமையை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்ட வேண்டும் என்று ஊரறியச் சொல்பவருக்கு உள்ளுக்குள் புதியது வேண்டும். புதியது வேண்டும் என்பவருக்குப் பழையதே வேண்டும். இருவரும் தோற்க விரும்பினார்கள். ஆனால் தோற்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறதே. நன்றாக வாதாடாமல் தோற்றால் எதிராளிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே இருவரும் நாளுக்கு நாள் இன்னும் உக்கிரமாக வாதாடினார்கள். வின்கோ நடுவில் நின்று தலையாட்டி, கழுத்துப் பிடிப்பு வந்து தைலம் போட்டுக்கொண்டார்.

இரண்டு ரகசியமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயமே. பிறர் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற நெறி ஒரு காரணம். கதை அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது என்பது இன்னொரு காரணம். வீட்டில் சூடு பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

முடிவுகளை யோசித்து வைத்துக்கொண்டேன். கண்ணீர் பிடிக்கும் பத்திரிகைக்கு: பழைய உலையின் முன் இருவரும் கைகோத்து நிற்கிறார்கள், நெருப்பு அவர்கள் முகத்தில்— (போதும்). நகராட்சித் துண்டறிக்கைக்கு: புதிய உலை வருகிறது, புகை குறைகிறது, மேயர் கைகுலுக்குகிறார். விமர்சகர்களுக்கு: உலை வெடித்து எல்லோரும் சாகிறோம், நான் உட்பட, அடுத்த பத்தி காலியாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு விருதுகூடக் கிடைக்கலாம். ஆனால் தண்ணீர் வடித்த உலை வெடிக்காது என்று வின்கோ சொல்லிவிட்டார்.

இதற்குள் முதல் உறைபனி விழுந்தது. வாளித் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆடை கட்டியது. இனித் தள்ளிப்போட முடியாது என்று வின்கோ வெல்டிங் கேஸ் சிலிண்டர்கள் இரண்டை ஒரு தள்ளுவண்டியில் வைத்து நிலவறைக்கு இறக்கிவிட்டார். எங்கள் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

8.

நிலவறையில் ஈரக் கரி வாடை. மிலிவோய் உலைக்கு இந்தப் பக்கம், நெவெங்கா அந்தப் பக்கம். நான் படியில் நின்றேன், அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம், யார் கைக்கும் எட்டமாட்டேன். வின்கோ கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பையிலிருந்து கேஸ் குழாயின் முனையில் மாட்டும் பித்தளை மூக்குகள் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இந்த மூக்கை மாட்டினா ஒட்டும். இதை மாட்டினா வெட்டும். கேஸ் ஒண்ணுதான், கை ஒண்ணுதான். சொல்லுங்க, வெட்டவா, ஒட்டவா?"

மிலிவோய் உலையைப் பார்த்தார். நெவெங்கா சுவரைப் பார்த்தார். எனக்கு இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரிக் களைப்பு தெரிந்தது. வாதாடி வாதாடி வந்த களைப்பு. இனி எதிராளி ஜெயிக்க மாட்டார், நாமே விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான் என்று இருவரும் ஒரே நொடியில் முடிவு செய்திருக்க வேண்டும்.

"ஒட்டிரு வின்கோ. அவர் இஷ்டப்படியே இருக்கட்டும்" என்றார் நெவெங்கா.

அதே மூச்சில் மிலிவோய் சொன்னார்: "வெட்டிரு. அவ சொன்னபடியே ஆகட்டும்."

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று வின்கோ பின்னால் சொன்னார். பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. ஏமாற்றப்பட்டவர்களின் கோபம்தான் இருந்தது.

நெவெங்கா ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தைக்குச் சரி என்று சொல்லாத மனுஷனுக்கு இன்றைக்கு மட்டும் என்ன கரிசனம் என்றார். மெஷின் மெஷின் என்று உயிரை வாங்கிவிட்டு, வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பது என்ன வழக்கம் என்றார் மிலிவோய். நான் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான், ஒட்டு என்றார் நெவெங்கா. நான்தான் முதலில் விட்டுக்கொடுத்தேன், வெட்டு என்றார் மிலிவோய். பழைய சண்டையில் யாருக்கு யார் எதிரியோ அதே ஆட்கள்தான், வரிகள் மட்டும் கைமாறியிருந்தன. இந்தக் காட்சியை நான் யோசித்திருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.

வின்கோ விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான், யாரு முதல்ல கையெழுத்துப் போடுறதுன்னு" என்று என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று நெவெங்கா கேட்டார். அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்று மிலிவோய் கேட்டார். கதை இன்னும் முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். என் தொழிலில் இதற்கு மேல் உபயோகமான பதில் கிடையாது.

நல்லவேளை, அந்த நேரத்தில் மிலிவோய் கோபத்தில் குனிந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கும் தெரியாது, பழக்கம்தான். எடுத்தவரால் நிமிர முடியவில்லை. கட்டை கையில் இருக்க, உடம்பு பாதியில் நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

நெவெங்கா கட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தார். அவர் கக்கத்தில் தோளைக் கொடுத்துத் தாங்கினார்.

"எத்தனை நாளா இப்படி?"

மிலிவோய் அந்தத் தோளிலிருந்து விலகப் பார்த்தார்.

"எத்தனை நாளான்னு கேக்குறேன்ல."

"வசந்தத்துலேருந்து" என்றார் மிலிவோய், தரையைப் பார்த்துக்கொண்டே. வேறு எங்கும் பார்க்க முடியாதபடி அவர் வளைந்திருந்தார்.

நானும் வின்கோவும் சேர்ந்து அவரைப் படியேற்றினோம். கீழ்த்தளத்துக் கதவு வந்தபோது நான் நின்றேன். நெவெங்கா நிற்கவில்லை. "அந்தக் குளிர்ல படுத்தா நாளைக்கு மரக்கட்டைதான். மேல ஏத்துங்க" என்றார்.

9.

நெவெங்காவின் சமையலறையில் ஒரு விறகு அடுப்பு இருக்கிறது. வீட்டில் இப்போது நெருப்பு இருப்பது அங்கே மட்டும்தான். அடுப்போரத்து நீளப் பலகையில் மிலிவோயைப் படுக்க வைத்தார்கள். அன்று மத்தியானம் நாலு பேருக்கும் அவரைக்காய் விதைச் சூப்பும் புளித்த முட்டைக்கோஸும். யாரும் உலையைப் பற்றிப் பேசவில்லை. சூப்பில் உப்பு குறைவு என்று மிலிவோய் சொன்னார். எழுந்து வந்து போட்டுக்கொள் என்று நெவெங்கா சொன்னார். அவரால் எழ முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அது ஒரு நாள் ஏற்பாடு என்றுதான் பேச்சு. இடுப்பு நேரானதும் கீழே போய்விடுவேன் என்று அவர் தினமும் சொல்கிறார். போகட்டும், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நெவெங்காவும் தினமும் சொல்கிறார். வின்கோ தினமும் காலையில் வந்து, வெட்டவா ஒட்டவா என்று வாசலிலேயே கேட்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். அவர் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். சிலிண்டர்கள் நிலவறையில் நிற்கின்றன. மேலே என் அறையில் மை உறைந்துபோவதால் நானும் இந்தச் சமையலறை மேஜையில்தான் எழுதுகிறேன். இந்த வரியையும்.

இவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதட்டுமா? நெவெங்கா கரண்டியால் அடிப்பார். சேரவில்லை என்று எழுதினால் கீழ்த்தளத்தில் இருந்த மிலிவோயின் தலையணை இங்கே எப்படி வந்தது என்று நான் விளக்க வேண்டும். குளிர் முற்றினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும், ஒரு அடுப்பு மூன்று தளத்துக்குக் காணாது. அந்த முடிவை யார் எடுத்ததாக எழுதுவது என்பதில்தான் இப்போது என் தலைக்கு மேல் சண்டை நடக்கிறது. அவள்தான் என்று எழுது என்கிறார் பலகையில் படுத்திருப்பவர். அவர்தான் என்று எழுது என்கிறார் அடுப்பருகே நிற்பவர். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முடிவு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. வாக்கியத்தை மட்டும் தயார் செய்து தருகிறேன்.

"மறுநாள் காலை _______ சொன்னபடி, வின்கோ நிலவறைக்கு இறங்கிப் போய் அந்த உலையை _______."

இரண்டு இடத்தையும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு பேரும் வந்து படித்துப் பார்ப்பார்கள்.